அத்தை சொன்ன படம்

பழைய படமெல்லாம் இப்போது பார்க்கத் தாங்குமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. பதினோரு வயதில் ஒரு பழைய படத்தால் புதுப்படத்தைப் பறிகொடுத்தவள் நான்.

கீழ்பென்னாத்தூரில் இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே ஒரு படத்தின் கதையைத்தான் சொல்வாள். காணாமல் போன அப்பாவைத் தேடி ஒரு அம்மாவும் மூன்று பிள்ளைகளும் காட்டுக்குள் போகிற கதை. எருமைக்கடா அளவுக்கு ஒரு சிங்கம் வரும். தொங்குபாலம் அறுந்து விழும். சிவப்புப் புடவை கட்டிய அம்மா மழையில் நனைந்தபடி பாறைமேல் நின்று கணவனைக் கூவி அழைப்பாள். கடைசியில் அந்த அப்பா வெள்ளைக் குதிரையில் வந்து இறங்குவார். வசனம் ஒன்றுகூடத் தப்பாது. அழுகிற இடத்தில் அழுது, அதட்டுகிற இடத்தில் அதட்டி, அப்படிச் சொல்வாள். நானும் அதை மனப்பாடம் செய்து, நேரில் பார்த்தவள் மாதிரி தெருப் பிள்ளைகளிடம் அளந்து வைத்திருந்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் அத்தை வந்திருந்த ஒருநாள் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுக்க அப்பா சம்மதித்தார். தம்பிக்கு அப்போது வந்திருந்த புதுப்படம் வேண்டும். நான் அத்தையின் படத்துக்காக அடம்பிடித்தேன். இரண்டு கேசட்டும் வந்தன. அத்தை படத்தைத்தான் முதலில் போட வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்ததும் நான்தான். "இத யாரும் கேக்கறதே இல்ல சார்" என்று கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தாராம். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அன்று பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் தெருவில் சைக்கிள் நுழையாது, நாலு மணிக்கே வந்து டெக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது வந்து சேர்ந்ததே பதினோரு மணிக்கு. நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் போயிற்று. கதவை எல்லாம் சாத்திவிட்டு, மலை கக்குகிற வெக்கையில், தெருப் பிள்ளைகள் நாலு பேரோடு வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

படம் கறுப்பு வெள்ளை. எனக்கு முதல் அடி அதுதான்.

"அத்த, சிவப்புப் பொடவன்னு சொன்னீங்களே?"

"சிவப்புதான் அது" என்றாள் அத்தை, கண்ணை எடுக்காமல்.

சிங்கம் வந்தது. புல்லுக்குள் படுத்துக் கொட்டாவி விட்டது. உறுமல் மட்டும் தனியாக எங்கிருந்தோ கேட்டது. "எருமக்கடா மாதிரின்னு சொன்ன? பூன மாதிரி கீது" என்றாள் என் தோழி. எல்லாரும் சிரித்தார்கள். தொங்குபாலம் முழங்கால் அளவுத் தண்ணீரில் விழுந்தது. குதிரையின் குளம்புச் சத்தம் டக் டக்கென்று கேட்டது, குதிரை வரவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் அத்தையைத் திரும்பிப் பார்த்து, "எங்க? நீங்க சொன்னது எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளோ படத்தில் யார் வாயைத் திறப்பதற்கும் ஒரு நொடி முன்பே அவர்கள் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தம்பி தரையில் உருண்டு அழுதான்.

கடைசியில் அந்த அப்பா வந்தார். நொண்டிக்கொண்டு, நடந்து வந்தார். படத்தில் யாரும் எதுவும் பேசவில்லை. கடைக்குட்டிப் பெண் ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்து, பாதத்தில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கினாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்தார். அவ்வளவுதான்.

அத்தையின் முணுமுணுப்பு நின்றுபோயிருந்தது.

"இது எப்ப வந்துது?" என்றாள் அப்பாவைப் பார்த்து. "தம்பி, இத இன்னொரு வாட்டி போடு."

அப்பா ரீவைண்ட் செய்தார். முடிந்ததும் மறுபடி கேட்டாள். மறுபடியும் போட்டார். மூன்றாவது முறை கேட்டபோது நானே எழுந்து கேசட்டை வெளியே எடுத்துவிட்டேன். தம்பியின் படத்தில் பெயர்கள் ஓடி முடிந்து, முதல் பாட்டு தொடங்குவதற்குள் டெக்குக்காரர் வாசலில் வந்து மணி அடித்தார்.

மாலையில் நானும் அப்பாவும் அத்தையைப் பஸ் ஏற்றப் போனோம். எதிரே வெறுங்காலோடு கூட்டம் வந்துகொண்டே இருந்தது. வழி முழுக்க நான் அத்தையோடு பேசவில்லை. ஜன்னலோரம் இடம் பிடித்த பிறகு அவள் தலையை நீட்டி, "படம் நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் நல்லா இல்ல. நீங்க சொன்னது எதுவுமே வரல."

"ஆமா, வரல" என்று சிரித்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "அக்கா அந்தப் படத்த இன்னிக்குத்தான் பாத்துது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அப்படியானால் அத்தனையும் புளுகா?

"அப்பல்லாம் எங்க வூட்டுக்குப் பின்னாடிதான் சினிமா கொட்டா. பொட்டப் புள்ளைய அனுப்பமாட்டாங்க. அக்கா பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே, படம் ஓடுன பதினஞ்சு நாளும் காதால கேட்டுது. நான் போவேன். வந்து கதை சொல்றேன்னுட்டுப் போவேன். வந்ததும் தூங்கிடுவேன்."

"அப்ப பாக்கலன்னு சொல்லியிருக்கணும் இல்ல?" என்றேன்.

என் கவலையெல்லாம் நாளைக்குத் தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்பதுதான். நாற்பது வயதில் ஒருத்தி அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி அவளைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.