சஃபையர் ஜன்னல்

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. தர்மபுரிக்கு வெளியே பைபாஸை ஒட்டி, பாம்புக்கடி மருந்துக்கான புரதங்களைச் சோதிக்கும் இடம். ஒரே வண்டியில் போவோம், ஒரே வண்டியில் வருவோம். அந்தப் புது இயந்திரம் வரும்வரை எங்களுக்குள் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

கரைசலை அசுர வேகத்தில் சுழற்றி, சுழலும்போதே ஒளியைப் பாய்ச்சி, புரதம் கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்க்கிற இயந்திரம் அது. கரைசல் இருப்பது செல் என்கிற சின்ன உலோக டப்பியில். ஒளி போய்வர அதன் இரு பக்கமும் கண்ணாடி வில்லைகள், ஜன்னல் என்போம். இயந்திரத்துக்கு ஒருவர்தான் பொறுப்பு, நீங்கள் இருவரும் ஆளுக்கொரு செல் ஓட்டிக் காட்டுங்கள் என்றார் ஆய்வுக்கூடத் தலைவியான மேடம்.

நான் கீறலே இல்லாத பளபளப்பான குவார்ட்ஸ் ஜன்னல்களை எடுத்தேன். அவள் எந்த வேகத்தில் ஓட்டப்போகிறோம் என்று கேட்டுவிட்டு, அதைவிடக் கடினமான சஃபையர், அதாவது நீலக்கல் ஜன்னல்களை எடுத்தாள். முழு வேகத்தில் குவார்ட்ஸ் லேசாக வளைந்துகொடுக்கும். திரையில் என் செல்லின் ஒளிக்கோடுகள் நெளிந்தன. அவளுடையவை சீப்பால் வாரியதுபோல் வந்தன.

ஜன்னல்தான் காரணம் என்று வாதாடி, மறுநாள் இன்னொரு ஓட்டத்துக்கு நானும் சஃபையர் வாங்கிக்கொண்டேன். அவள் தோற்கவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டவளைப் பற்றி அப்படி நினைக்க முடியும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

செல்லை ரோட்டார் என்கிற சுழல்தட்டின் குழியில் வைத்து, செல்லின் அடியில் உள்ள கோட்டை ரோட்டாரில் உள்ள கோட்டோடு சேர்க்கவேண்டும். மயிரிழை விலகினாலும் உள்ளே கரைசல் கலங்கி, இல்லாத கட்டியெல்லாம் இருப்பதாகக் காட்டும். நான் உயரம். மேசை மேல் சாய்ந்து, லென்ஸ் வழியாகப் பார்த்துச் சேர்த்தேன். அவள் குள்ளம். ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, நேர் மேலிருந்து பார்த்தாள். பிறகு என் செல்லைக் கவனித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, சைடுல இருந்து பாக்கறீங்க. அதான் கோடு சேந்த மாதிரி தெரியுது. மேல இருந்து பாருங்க."

"நீ உன் வேலையப் பாரு" என்றேன்.

என் செல் கலங்கியது. பொறுப்பு அவளுக்குப் போனது. அன்று வீடு திரும்பும்போது வழக்கம்போல என் தோளில் கை வைத்திருந்தாள். மேடம் எல்லோர் முன்னும் பாராட்டிய கை. அதை உதறிவிடத் தோன்றியது. உதறவில்லை.

அந்த மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்து வூட்டு அக்காவிடம் அம்மா என்னைக் காட்டி, பெரிய மிஷின் இவன் கையில்தான் ஓடுகிறது என்று பெருமை பேசினாள். என் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அவள் மறுத்திருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேன், அந்த விட்டுக்கொடுப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் இல்லம்மா. அவதான் ஓட்டறா" என்றேன்.

"அப்ப நீ என்ன பண்ற?"

"கரைசல் தயார் பண்ணித் தர்றேன்."

அம்மா முகம் சுருங்கியது. என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரு தர்றது சுத்தமா இருந்தாத்தான் அத்த, நான் ஓட்டறதே."

எனக்காகத்தான் சொன்னாள். உண்மையும் அதுதான். ஆனாலும் அந்தப் பரிவு இயந்திரம் பறிபோனதைவிட அதிகமாக என்னை எரித்தது. எழுந்து வெளியே போய், வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.