அடியில் கிடந்த கூப்பன் புத்தகம்

ஓய்வு பெற்ற பிறகு நான் சுப்பர் மார்க்கெட்டுகளின் உட்புறங்களைப் படம் எடுக்கிறேன். மனிதரைவிடச் சாமான் அடுக்கிய இறாக்கைகள் ஒழுங்காக நிற்கும். இன்று செங்கலடிக் கடையொன்றில் படம் எடுக்கும்போது காவலாளி என்னைத் தடுத்து, அடையாள அட்டையை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு சாமான் இறக்க வந்தவர்கள் தங்கள் அட்டைகளை என்னுடையதன் மேல் வைத்துக்கொண்டே போனார்கள்.

"மனேஜர் வரட்டும் அம்மா. இரிங்க."

அந்த அடுக்கைப் பார்த்ததும் மண்ணெண்ணெயும் மாசிக் கருவாடும் மணக்கும் புளியந்தீவுக் கூட்டுறவுச் சங்கக்கடை நினைவுக்கு வந்தது. அம்மாவும் நானும் விடியவே போய்ப் பங்கீட்டுக் கூப்பன் புத்தகத்தை முதலாவதாக வைப்போம். பின்னால் வருபவர்கள் அதன் மேல் அடுக்குவார்கள். கடை மனேஜர் அடுக்கைக் கவிழ்த்துவிட்டு, முதலில் வந்தவரை முதலில் கூப்பிடுவார். ஒரு நாள் கவிழ்க்க மறந்து, மேலிருந்தே கூப்பிடத் தொடங்கிவிட்டார். அன்று பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. எனக்கும் ஒரு பரிசு இருந்தது.

"பாலத்தால தனிய எப்படி மகள் போற? புத்தகத்த விட்டுப்போட்டு நான் வர ஏலா" என்றார் அம்மா.

நான் மேசையை எட்டிப் பிடித்து, "அடியில கிடக்கிறதுதான் முதல்" என்றேன்.

"சட்டம் தெரிஞ்ச பிள்ளை" என்று சிரித்த மனேஜர், எங்கள் புத்தகத்தை உருவிப் பெயரைப் பார்த்துவிட்டு மறுபடி அடியிலேயே செருகினார்.

பரிசை மறுநாள் பள்ளிக்கூட அதிபரின் அறையில், கைதட்டல் இல்லாமல் வாங்கினேன்.

அட்டையைப் பிடித்து வைக்கக் காவலாளிக்கு அதிகாரம் இல்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் இதையெல்லாம் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவள் நான். சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய கை அந்த அடுக்கின் மேல் இருந்தது.

"என்னம்மா?"

"ஒண்டுமில்ல தம்பி. இரிக்கிறன்."