அம்மாவின் இடது கண்

நான் பிறந்த பத்தாம் நாளே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் ஞாபகமாக வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதிலும் எனக்குக் கருத்துத் தெரிந்த நாளிலிருந்தே இடது கண் கிடையாது. பூச்சி அரித்துத் தின்றிருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி மல்லாங்கிணற்றிலிருந்து சிவகாசிக்கு வந்தபோது, முதலில் அதைத்தான் பெட்டியில் வைத்தேன்.

வந்த இடத்தில் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். வீட்டில் வெடிக்குழாய் சுற்றும் வேலை. பட்டாசுக் கம்பெனியில் தருகிற மைதாப் பசையில் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் என்கிற நீலப்பச்சை விஷ உப்பைக் கலந்திருப்பார்கள். இனி எந்தப் பூச்சி கிட்ட வருகிறது பார்ப்போம் என்று, சுருண்டு கிடந்த போட்டோவின் முதுகில் அதைத் தாராளமாகத் தடவி அட்டையில் ஒட்டினேன். அம்புட்டுப் பெருமை எனக்கு! அடைமழையில் அட்டை ஊறியது. துத்தம் கசிந்து அம்மாவின் சேலையெல்லாம் பச்சை பூத்து, கழுத்தைத் தாண்டிக் கன்னத்துக்கு ஏற ஆரம்பித்தது. இருந்த முகத்தையும் நானே தொலைத்தேனே என்று வயிற்றிலடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்காரர் வேலை பார்த்த அச்சாபீசில், காலண்டர் படங்களுக்குத் தூரிகையால் டச்சிங் செய்து திருத்துகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். சரியான சிடுமூஞ்சி. நான் கொண்டுபோன போட்டோவைப் பார்த்ததும் என்னை ஆசைதீரத் திட்டினார். பிறகு அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, போட்டோவை அட்டையோடு அப்படியே முக்கிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர்பாட்டுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அட்டை தானாகக் கழன்றது. மிச்சப் பசையைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, மை ஒற்றும் பிளாட்டிங் பேப்பருக்கு நடுவில் வைத்துக் காயவிட்டார். பச்சை அதற்குமேல் ஏறாமல், கன்னத்தோடு நின்றுபோனது.

அத்தோடு விட்டேனா? எத்தனையோ சாமி படத்துக்குக் கண் வரைந்த கைதானே, அம்மாவின் இடது கண்ணையும் வரைந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார்.

“அது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா தாயி? எனக்கும் தெரியாது. தெரியாத கண்ண நான் எப்படி வரைய?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். அம்மாவைப் பற்றி அதுவரை வாயே திறக்காத மனுஷர். அவர் கையில் போட்டோவைக் கொடுத்து, அண்ணாச்சி கண் வரைய மறுத்ததை வைதுகொண்டே சொன்னேன். அப்பா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து, கண் இருந்த இடத்தை விரலால் தடவினார்.

“நல்லவேள வரையல. வரைஞ்சிருந்தா நேரா வரைஞ்சிருப்பாக. உங்க அம்மாவுக்கு அது மாறுகண்ணு. கோவம் வந்துட்டா இன்னும் ஓரமாப் போயிரும்,” என்று சொல்லிச் சிரித்தார்.

என் அம்மாவுக்குக் கோபம் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தும், சோற்றில் கை காய, அப்பா அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் முதல் வேலையாக அச்சாபீசுக்குப் போனேன். அண்ணாச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.