நான்கு விரல் மண்

எங்கள் குசினியில், அடுப்புக்கு மேலே யன்னல் கட்டில் ஒரு செங்கல் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் நெருப்பில் கறுத்தது. மறுபக்கத்தின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மெழுகுக் கறை. பத்து வருடங்களுக்கு மேலாக அதைக் கதவு காற்றில் அடிபடாமல் முட்டுக்கொடுக்கத்தான் வைத்திருந்தேன். போன மாதம் அதைக் கழுவித் துடைத்து யன்னலில் வைத்தேன். இப்போது கதவு அடிபடுகிறது. அடிபடும்போதெல்லாம் செய்கிற வேலையை விட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். ஆனாலும் கல்லை மறுபடி தரையில் வைக்க மனம் வரவில்லை.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, நான்கு வருடங்கள் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தேன். எங்கள் அணியில் பதினொரு பெண்கள். அணித் தலைவி என்னைவிட மூன்று வயது இளையவர். மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் வீட்டுப் பேச்சு அவரை விடவில்லை. ‘வாங்கக்கா, போங்கக்கா’ என்று அவரைப் போலவே பேசிக்காட்டி மற்றவர்கள் சீண்டுவார்கள். “நீங்க ஆமாங்கறதுக்கு ஓம் ஓம்னு சொல்றப்ப கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு” என்று அவர் திருப்பிக் கொடுப்பார். வேலையில் மட்டும் விளையாட்டில்லை. முகக்கவசத்தைப் போட்டுவிட்டால் அவர் வேறொரு ஆள்.

ஒரு கோடையில், பக்கத்துக் காணிக்காரர் வைக்கோலுக்கு வைத்த தீ நாங்கள் குறித்து வைத்திருந்த நிலத்துக்குள் புகுந்து எரிந்தது. காலை ஒன்பது மணிக்குள் அணைந்துவிட்டது. பதினொரு மணியளவில் சாம்பல் வெளுத்து, புகைகூட இல்லாமல் கிடந்தது. வேலையைத் தொடங்கலாம் என்று எல்லோரும் எழுந்தோம். அவர் கையை நீட்டி மறித்தார்.

“இன்னிக்கு யாரும் உள்ள போக வேணாம்.”

“லீடருக்கு நித்திரை வருதுபோல. அதுதான் எங்களையும் படுக்கச் சொல்லுறா” என்றாள் ஒருத்தி. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. பாலை மரத்தின் கீழே எல்லோரும் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோது என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அணியில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள் நான் ஒருத்திதான்.

“அக்கா, கீழ ஒண்ணு கெடக்குன்னு வைங்க. அதுக்கு மேல நாலு விரல் மண்ணு. நெருப்பு அணைஞ்சு எவ்வளவு நேரம் பொறுத்திருந்தா போதும்?”

“ஒரு மணித்தியாலம் காணும்” என்றேன். வாயில் சோறு இருந்தது. யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது.

அவர் தன் பார்சலைத் தரையில் வைத்தார். “மேல ஆறுதுன்னா அந்தச் சூடு எங்கயோ போவுதுன்னுதானே அர்த்தம்? பாதி காத்துல போவும். மீதி கீழ போவாதா?” என்றார்.

அந்தச் சனிக்கிழமை, முகாமின் அடுப்படியில் அவர் ஒரு செங்கல்லைத் தணலின்மேல் படுக்க வைத்தார். மேற்பக்கத்தில் மெழுகுதிரியிலிருந்து ஒரு சொட்டு விட்டு உறைய வைத்தார். கையில் மணிக்கூடு. இருபது நிமிடத்தில் மெழுகு பளபளத்து உருகியது. பிறகு புதிதாக இரண்டு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, “இப்ப எவ்வளவு?” என்று என்னைக் கேட்டார். தடிப்பு இரண்டு மடங்கானால் வெப்பம் பாயும் வீதம் பாதி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆகவே நாற்பது நிமிடம் என்றேன். நாற்பது நிமிடத்தில் மெழுகு வெள்ளையாக அப்படியே இருந்தது. ஒரு மணித்தியாலத்திலும் இருந்தது. “கணக்கு ரீச்சர், உங்கட மெழுகு நித்திரையாப் போச்சு” என்று எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எண்பது நிமிடம் தாண்டித்தான் அது கரைந்தது.

பிழை எங்கே என்று அன்று இரவு படுக்கையில்தான் விளங்கியது. வெப்பம் இரண்டு மடங்கு தூரம் போக வேண்டும். அதோடு, போகிற வழியில் இரண்டு மடங்கு கல்லையும் சூடாக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நான்கு மடங்கு. மறுநாள் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அப்ப ஒரு மணி நேரம் காணாது” என்றார். ‘காணாது’ என்ற எங்கள் சொல்லை அவர் வாயில் நான் கேட்டது அன்றுதான். எழுந்து போனார்.

அவர் அப்படி எழுந்து போனதன் பொருள் பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய ஊர்க்காரி ஒருத்தி சொன்னாள். மீள்குடியேறிய முதல் மாதம், அவருடைய தாய் வீட்டு வளவைக் கூட்டிக் குப்பைக்கு நெருப்பு வைத்திருக்கிறார். அணைந்து ஒரு மணித்தியாலம் பொறுத்திருந்துவிட்டுச் சாம்பல் அள்ளப் போயிருக்கிறார். அப்போதுதான் வெடித்திருக்கிறது. போகலாம் என்று சொன்னது மகளான எங்கள் தலைவிதானாம். என்னிடம் கேட்டது பொதுவான கேள்வி அல்ல. அதற்கு நான் சோற்றை மென்றுகொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன். எந்தச் சொல்லால் தொடங்குவது என்று தெரியாமல் வேலை முடியும் காலமும் வந்துவிட்டது. விலகும்போது அந்தச் செங்கல்லைக் கேட்டு வாங்கி வந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் போன மாதம் என் மகளிடம், “அந்தப் பட்ட பனங்கட்டையில சருகைக் குவிச்சுக் கொளுத்திவிடு பிள்ளை” என்று சொன்னேன். கண்டாவளையில் எங்கள் வளவு கண்ணிவெடி அகற்றித் துப்புரவு செய்யப்பட்டது என்ற கடிதம் அலுமாரிக்குள் இருக்கிறது. அந்தப் பனை நின்ற மூலை பிறகு விலைக்கு வாங்கிச் சேர்த்தது; கடிதத்தில் அடங்காது. அது நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருடம் ஒன்றும் நடக்காமல் இருந்தால் மனிதருக்கு மறந்துவிடுகிறது.

காலையில் வைத்த தீ பத்து மணிக்கு அடங்கியது. பதினொன்றரை போல மகள் கத்தரிக் கன்றுகளுக்குச் சாம்பல் எடுக்க ஓலைக் கடகத்தோடும் குப்பைவாரியோடும் போனாள். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இரும்பில் இரும்பு முட்டும் சத்தம் கேட்டது.

“அம்மா, சாம்பலுக்குக் கீழ இரும்பு ஒண்டு கிடக்கு. எடுக்கட்டே?”

கத்தியைப் போட்டுவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தேன். “தொடாதை. வாரியை அப்பிடியே விட்டிட்டு வந்த வழியால வா. ஓடாதை.”

வந்தாள். கையைப் பிடித்து வீட்டுக்கு முன்பக்கம் இழுத்துப்போனேன். பக்கத்து வீட்டுக்காரரையும் அப்பால் அனுப்பிவிட்டு, படலைக்கு வெளியே, வீதியின் மறுகரையில் நின்றோம். கிராம சேவகருக்கு அறிவித்தேன். குண்டு அகற்றுபவர்கள் விடியத்தான் வர முடியும் என்று தகவல் வந்தது. கொய்யா மரத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி கத்தத் தொடங்கியது. கட்டையிலிருந்து பத்து அடி தூரம்தான் இருக்கும்.

“அம்மா, நெருப்பு நூந்து எவ்வளவு நேரம். எல்லாம் ஆறிப்போச்சு. நான் ஓடிப்போய் அவிட்டுக்கொண்டு வாறன்.”

“இப்பதான் சூடு அதுக்குப் போய்ச் சேருற நேரம்.”

“உங்களுக்கு எப்பவும் பயம்தான். அது பாவம் அம்மா!”

பதினேழு வயது. என்னைவிட உயரம். அவளுடைய மணிக்கட்டை நான் விடவில்லை. மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். வாரியில் பட்டது ஒரு முனைதான், மிச்சத்தின்மேல் நான்கு விரல் மண் என்றால் எவ்வளவு, ஐந்து விரல் என்றால் எவ்வளவு, கட்டையின் வேர் உள்ளே கனன்றுகொண்டிருந்தால் எவ்வளவு? ஒரு மணித்தியாலம் என்று மட்டும் எனக்கு இனி ஒருபோதும் சொல்ல வராது. ஆடு பொழுதுபடும் வரை கத்தியது. மகள் அழுதாள். என்னோடு பேச மறுத்தாள். வீதிக்கு எதிர்ப்புறத்து வீட்டில், பாயில், விடியும் வரை உட்கார்ந்திருந்தோம்.

வெடிக்கவில்லை. காலையில் வந்தவர்கள் நீண்ட நேரம் எடுத்து அதை வெளியே எடுத்தார்கள். அகற்றியவர் எங்களைத் தூரத்தில் நிறுத்தி, தன் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். எறிகணையின் மேல்பக்கத்தில் வண்ணம் பொங்கிக் கருகியிருந்தது. கீழ்ப்பக்கம் பச்சை அப்படியே இருந்தது. வெப்பம் பாதி தூரம் வந்து நின்றிருக்கிறது. மகள் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போய் ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தண்ணீர் வைக்கக்கூட மறந்து, அப்படியே இருந்தாள்.

அன்று மாலை அணித் தலைவியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். ஓமந்தைப் பக்கம் இருக்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். முடிந்ததும் ஒன்றை மட்டும் கேட்டார்.

“எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?”

“விடியுமட்டும்.”

அந்தப் பக்கம் ஒரு வாளிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது கேட்டது.

“போதும்கா” என்றார்.

யன்னலில் இருக்கும் செங்கல்லின் கறுத்த பக்கம் வெளியே பார்த்திருக்கிறது. காலையில் வெயில் அதில்தான் முதலில் விழும். நான் அடுப்பை மூட்டி, தேநீர் ஊற்றி, மகளை எழுப்பி, அவள் பள்ளிக்கூடம் புறப்பட்டுப் படலை சாத்தும் சத்தம் கேட்ட பிறகு, உள்பக்கத்து மெழுகுக் கறையின்மேல் விரலை வைத்துப் பார்க்கிறேன். அப்போதும் அது குளிர்ந்துதான் இருக்கும்; வெயிலின் சூடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்காது. கையை எடுக்காமல் நிற்பேன்.