குங்குமம் வைத்த டிஸ்கெட்

கிளேபாங்கிலிருந்து ஜெசிந்தா அக்காவின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா தவறிட்டாங்க அண்ணே. நாளைக்குச் சாயங்காலம் அடக்கம். நம்ம தோட்டத்து ஆளுங்க எல்லாத்துக்கும் சொல்லிடுங்க." கை கழுவிவிட்டு, பழைய தோட்டத்து ஆட்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்க அலுவலகத்துக்கு ஓடினேன். கணினியில் ஒரு முகவரிகூட இல்லை.

நியாலாஸ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். அக்கா தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் கணக்கெழுதும் கிராணியானார். அவர் அப்பா இறந்தபோது பெட்டி தூக்கக்கூடத் தோட்டத்து ஆள் வரவில்லை. யாருக்கும் சேதி போகவில்லை. அதன் பிறகுதான் கல்யாண வீடுகளில் படித்த பிள்ளைகளை மடக்கி மடக்கி மின்னஞ்சல் முகவரி வாங்க ஆரம்பித்தார். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டாத்தான் போவோம், சாவுக்குக் காதுல விழுந்தாலே போவோம். மொதல்ல காதுல விழணும் லா" என்பார்.

சேர்த்த முகவரிகளைச் சங்கக் கணினியிலிருந்து தனிக் கோப்பாக எடுத்து, இரண்டு டிஸ்கெட்டுகளில் பதிந்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை அலுவலகத்திலும் வைத்தார். "ஒரே எடத்துல வச்சா ஒண்ணாத்தான் போகும்." அதற்கும் சிலருக்கு வயிறெரிந்தது. சங்கச் சொத்து ஒரு பொம்பளை வீட்டில் இருக்கலாமா என்று கேட்டு, தலைவர் அதையும் பிடுங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூசையில் இரண்டையும் சாமி படத்தின் முன் வைத்து, தகர மூடியை விலக்கி, உள்ளேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அக்கா பதறிப்போனார். "ஐயா, உள்ள தூள் போனா படிக்காது லா!"

"சரஸ்வதிக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். புதிதாகப் பிரதி எடுக்க அக்கா கேட்டதற்கு, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். கூட்டம் கூடுவதற்குள் பழைய கணினியை விற்றுவிட்டுப் புதியது வாங்கினார்கள்.

அந்தப் புதியதில்தான், அக்கா தவறிய சேதி வந்த அன்று, இரண்டு டிஸ்கெட்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கறகறவென்று அரைத்துவிட்டு நின்றது.

ஹோட்டல் சமையல்காரர்களும் அக்காவின் தம்பியும் நானும்தான் பெட்டியைத் தூக்கினோம். தலைவர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். "என்ன, நம்ம ஆளுங்களையே காணோம்?" என்று என்னிடமே கேட்டார். இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

டிஸ்கெட்டுகளில் ஒன்றை நான் வைத்திருக்கிறேன். சங்கம் திருப்பிக் கேட்டது. தர முடியாது என்றுவிட்டேன். காய்ந்த சந்தனத்துக்குப் பக்கத்தில் 'நம்ம ஆளுங்க' என்று அக்காவின் கையெழுத்து இருக்கிறது. அந்த ஆளுங்களில் ஒருவர் இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். அக்கா போய்விட்டார். உங்கள் காதில் இப்போதுதான் விழுகிறது.