திரும்பி வந்த ரேடியோ

என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, நான் வைத்த பட்டப்பெயர் கீறல். பழைய சாமான்களை இணையத்தில் ஏலம் விட்டுப் பிழைக்கிறவள் அவள். மற்றவர்கள் விற்கிற பொருளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். இவளோ ஒரு கைக்கடிகாரத்தை விற்பதற்குள் அதன் மானத்தையே வாங்கிவிடுவாள். கண்ணாடியின் இடப்பக்கம் அரைவிரல் நீளக் கீறல், வாரில் வியர்வை வாசம் உண்டு, ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்தும் என்று முதல் மூன்று வரியும் குறையாகத்தான் எழுதுவாள்.

"வீட்டை வாடகைக்கு விடும்போது ஒழுகுற கூரையை முதல்ல காட்டுற ஆளுடி நீ" என்று நான் கிண்டல் செய்வேன்.

"முதல்லயே சொல்லிட்டா பின்னால யாரும் வாய் திறக்க முடியாதுல்ல அக்கா" என்பாள்.

வாய் திறக்கத்தான் செய்தார்கள். சுவர்க் கடிகாரம் வாங்கிய ஒருத்தன், டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, பணத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதினான். கடிகாரம் பின்னே பாட்டா பாடும்? இன்னொரு மகராசி, இஸ்திரிப் பெட்டியை வாங்கித் தன் துணியெல்லாம் தேய்த்து முடித்துவிட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினாள். இதற்கெல்லாம் கீறல் கோபப்படவே மாட்டாள். படங்களை இணைத்து, தேதியைப் போட்டு, மரியாதையாகப் பதில் எழுதுவாள். அவளுக்கும் சேர்த்துக் கோபப்படுவது என் வேலை.

அவள் கீழ் வீடு, நாங்கள் மாடி. கொழுந்தன் இறந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவள் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. இனி நிற்கிற வேலை ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையே அவளுக்குக் கடை. ஒரு மூலையில் தராசு, ஒரு மூலையில் டேப், ஜன்னலோரம் படம் எடுப்பதற்கு ஒரு வெள்ளைப் போர்வை. அட்டைப்பெட்டிகள் கட்டிலுக்கு அடியில்.

அந்த ஏலத் தளத்தில் ஒரு சட்டம் உண்டு. வாங்கியவர் புகார் கொடுத்து விற்றவர் தோற்றால் ஒரு கரும்புள்ளி. மூன்று சேர்ந்தால் கணக்கை மூடிவிடுவார்கள், திறக்கவே மாட்டார்கள். கீறலுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. ஒருத்தன் கேமராவை வைத்துக்கொண்டு, பெட்டியில் செங்கல்லைப் போட்டுத் திருப்பி அனுப்பினான். இன்னொருத்தன் அவள் அனுப்பிய ஹெட்போனுக்குப் பதில் தன்னுடைய ஓட்டை ஹெட்போனை அனுப்பினான். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை என்று தளம் கையை விரித்துவிட்டது. மூன்றாவதும் விழுந்தால் அவள் அந்தக் காலோடு மறுபடியும் துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளையும் கட்டும்போது வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். போனைப் பிடிப்பது நான். அப்படி ஒரு நாள் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ரகசியத்தைச் சொன்னாள்.

"எதை வித்தாலும் உள்ள ஒரு இடத்துல நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வெச்சிடுவேன் அக்கா. ரேடியோன்னா பேட்டரி மூடிக்கு உட்பக்கம். கடிகாரம்னா பின்மூடிக்குள்ள. திரும்பி வந்தா அதைப் பார்த்துட்டுதான் பேசவே ஆரம்பிப்பேன்."

"அதையும் வீடியோவுல காட்ட வேண்டியதுதானே?"

"வீடியோவை வாங்குறவங்களுக்கும் அனுப்புறேனே. பார்த்தா அவங்களும் வெச்சிடுவாங்க. தளம் நம்புதோ இல்லையோ, என் பொருள் எதுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாதான் தைரியமா சண்டை போட முடியும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

மூச்சு விடவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன், அவ்வளவுதான். கட்டின புருஷனிடம் சொல்வதெல்லாம் ஒரு கணக்கா என்று அப்போது நினைத்தேன். "பலே கெட்டிக்காரிதான்" என்று அவரும் சிரித்தார். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார்.

இனி ரேடியோ கதைக்கு வருகிறேன். என் மாமனார் எதை வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவாராம். அண்ணன் தம்பிக்குள் அடிதடி வரக்கூடாதாம். இரண்டு சட்டை, இரண்டு சைக்கிள், இரண்டு பேனா. அப்படி வாங்கியவைதான் அந்த இரண்டு ரேடியோக்களும். பழுப்புத் தோல் உறை, முன்பக்கம் வெள்ளித் தகடு, ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தால் பெற்றவருக்கே வித்தியாசம் தெரியாது. நம்பர் ஒட்டிய காகிதம் இரண்டிலுமே எப்போதோ உதிர்ந்துபோய்விட்டது. கொழுந்தனுடையது கடைசிவரை கணீரென்று பாடியது. என் வீட்டுக்காரர் தன்னுடையதை ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து கீழே போட்டார். அன்றோடு அது ஊமை. போட்டதை மட்டும் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

போன மாதம் கீறல் தன் வீட்டு ரேடியோவை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"மாமா, கேட்கிற ஆளே போயாச்சு. எனக்கு இது எதுக்கு? நீங்க வெச்சுக்கோங்க."

"எனக்கு எதுக்கும்மா? என்கிட்டதான் ஒண்ணு இருக்கே" என்றார் இவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்களுது பாடாதே" என்றேன் நான்.

"உன்னைக் கேட்டேனா?" என்றார்.

சரி என்று அவள் ஏலத்தில் போட்டாள். அரிதான ரேடியோ என்று பழம்பொருள் பைத்தியங்கள் போட்டி போட்டார்கள். கடைசி நிமிடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்தார். முகவரி ஏதோ ஒரு வீடு, பெயரை நான் சரியாகப் பார்க்கவில்லை. கட்டும்போது நான்தான் போனைப் பிடித்தேன். ரேடியோவைப் பாட வைத்து, அது பாடுவதை எடுத்து, அதன் பிறகுதான் பெட்டியில் வைத்தோம். போர்த்தி ஒட்டி முடித்த பிறகு அவள் பெட்டியின் மேல் ஒரு கணம் கையை வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் புகார் வந்தது. ரேடியோவில் சத்தமே வரவில்லை, விற்றவர் ஏமாற்றிவிட்டார், முழுப் பணமும் வேண்டும். பொருளும் திரும்பி வந்துகொண்டிருந்தது. பதில் சொல்ல மூன்று நாள் கெடு.

அடப்பாவி! நாசமாய்ப் போகிறவன்! எனக்கு வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவன் காது அறுந்து விழ, அவன் வீட்டில் ஒரு பெட்டியும் பாடாமல் போக என்று மாடிப்படி அதிரக் கத்திக்கொண்டே ஏறினேன். என் வீட்டுக்காரர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இவ்வளவு கத்துற? பணத்தைக் குடுத்துட்டுப் போகச் சொல்லு. வம்பு எதுக்கு?"

"கணக்கை மூடிடுவாங்க. அவ காலோட நிலைமை தெரியுமா உங்களுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் பெட்டி வந்தது. நான் போனைப் பிடிக்க, அவள் பிரித்தாள். அதே தோல் உறை, அதே வெள்ளித் தகடு. பேட்டரி போட்டுத் திருகினாள், மூச்சு பேச்சு இல்லை. மூடியைக் கழற்றி உட்பக்கத்தைத் திருப்பினாள். பளிச்சென்று ஒரு மெரூன் பொட்டு.

"அட, பொட்டு இருக்கே! அப்போ இது நம்முதுதானா?" என்றேன்.

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள். தண்ணீர் போல நிறமே இல்லாத நெயில் பாலிஷ்.

"நான் வைக்கிற பொட்டுக்கு நிறம் கிடையாது அக்கா. சாய்ச்சுப் பார்த்தாதான் தெரியும். இதை அனுப்பின ஆளுக்குப் பொட்டு வைப்பேன்னு தெரியும். நிறம் தெரியாது."

பிறகு அவள் போனைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். நகத்தில் முந்தின வாரம் பூசிய அதே மெரூன். என் முகத்தில் ஈயாடவில்லை.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? என்னையே சந்தேகப்படுறியா? இத்தனை வருஷம் பழகிட்டு இதைக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று எகிறினேன். சுத்தப் பொய். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த மத்தியானச் சாப்பாடும், அவர் சிரித்த சிரிப்பும், இன்னொரு கரண்டி குழம்பும் என் கண் முன்னால் வந்து நின்றன. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு படியேறினேன்.

அவருடைய அலமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்குப் பின்னால் ரேடியோ இருந்தது. திருகினேன். ஏழு வருஷமாக ஊமையாகக் கிடந்தது கணீரென்று செய்தி வாசித்தது. மூடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் சாய்த்தேன், நிறமில்லாத பொட்டு மினுக்கென்றது. அடித்தட்டில் மடக்கி வைத்த அட்டைப்பெட்டி. அதில் கீறல் தன் கையால் ஒட்டிய சீட்டும், ஏல எண்ணும், அவருடைய அலுவலக நண்பரின் பெயரும் அப்படியே இருந்தன. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஊரைக் கூட்டிச் சாபம் விட்டதெல்லாம் என் வீட்டுக்காரருக்கா?

சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்தபோது ரேடியோ மேஜைமேல் பாடிக்கொண்டிருந்தது. நேரே போய் அதை அணைத்தார்.

"எங்க அப்பா வாங்கினது அது. கண்டவன் வீட்டுக்குப் போகணுமா?"

"அவ சும்மாதானே நீட்டினா! வாங்கிக்க வேண்டியதுதானே?"

"தம்பி பொண்டாட்டிகிட்ட நான் கை நீட்டணுமா?"

"கை நீட்ட மாட்டீங்க, திருடுவீங்களா?"

"என்ன திருட்டு? பணத்தை மெதுவா அவளுக்கே குடுத்துடலாம்னுதான் இருந்தேன். நீ நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இரு, எல்லாம் முடிஞ்சிடும்."

"என் பாலிஷ் குப்பியை எடுத்து, என் பேர்ல பழி விழற மாதிரி..."

"நீ சொல்லித்தானே எனக்குத் தெரியும்?" என்றார். "உன் ஓட்டை வாயாலதான் வந்துச்சு இவ்வளவும்."

இருபத்தாறு வருஷம் இந்த மனுஷருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை அவர் கிளம்பிய பிறகு ரேடியோவையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். கீறல் தளத்துக்கு எழுதிய பதிலும் அவர்கள் அனுப்பிய கடிதமும் மேஜையில் திறந்திருந்தன. பொட்டு மட்டும் போதிய ஆதாரம் இல்லை, இன்று மாலைக்குள் வேறு இருந்தால் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். நான் இரண்டு ரேடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"போனைப் பிடி" என்றேன். "இன்னைக்கு நான் பேசறேன்."

பேசினேன். இந்த ரேடியோ என் வீட்டு அலமாரியில் இருந்தது, இந்தப் பெட்டியும் அங்கேதான் இருந்தது, எடுத்தது என் கணவர், வாங்கியவர் அவருடைய அலுவலக நண்பர், பொட்டைப் பற்றிச் சொன்னது நான். அழுதுவிடக் கூடாது என்று சீட்டிலிருந்த ஏல எண்ணை இரண்டு தடவை படித்தேன். அவள் கை ஆடவே இல்லை.

"இதை அனுப்பினா மாமாவுக்கும் அந்த நண்பருக்கும்..." என்று இழுத்தாள்.

"அனுப்பு" என்றேன்.

அனுப்பினாள். இரண்டு நாளில் தளத்திலிருந்து தீர்ப்பு வந்தது. புகார் தள்ளுபடி, அந்த நண்பரின் கணக்கு மூடப்பட்டது, இவளுடையது பிழைத்தது. அலுவலகத்தில் நண்பரோடு பெரிய ரகளையாம். இவர் என்னோடு பேசுவதில்லை, தட்டை வைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். பேசாவிட்டால் போகட்டும், எனக்கும் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவளிடம் மட்டும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னதைக்கூட விடுங்க அக்கா. நான் கேட்டப்போ ஆமான்னு சொல்லியிருக்கலாம்" என்றாள். கோபமே இல்லாமல், புகாருக்குப் பதில் எழுதுவாளே, அந்த மரியாதையோடு சொன்னாள்.

நேற்றுக் காலை வழக்கம்போலக் கீழே இறங்கினேன். கதவைத் தள்ளினேன், உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். அவள் வந்து பாதிக் கதவைத் திறந்து, அதைப் பிடித்தபடியே நின்றாள்.

"சொல்லுங்க அக்கா, என்ன விஷயம்?" என்றாள்.

பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டுக்குள் நான் ஒரு விஷயத்தோடு போனதே கிடையாது. "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.