தீவிலிருந்து வந்த நீலப் பல்லி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். சொந்தக்காரர்கள் விஷயம்.

என் கொழுந்தனார் வேலை பார்த்த ஏதோ ஒரு தீவிலிருந்து, சாக்ஸுக்குள் ஒளித்து ஒரு நீலப் பல்லியைக் கொண்டுவந்தார். திருவானைக்காவலில் அவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அது கிடந்தது. காஞ்சிபுரத்துத் தங்கப் பல்லி மாதிரி இதைத் தொட்டாலும் தோஷம் போகும் என்று யாரோ சொல்லிவிட, வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். மஞ்சள் தடவி, குங்குமமும் வைத்தார்கள்.

"பாவம், வாயைத் திறந்து திறந்து மூடுது. தொடாம விடுங்களேன்" என்றேன்.

"அக்கா, அது ஆசீர்வாதம் பண்ணுது. உங்களுக்குத்தான் பக்தி பத்தலை" என்று ஓரகத்தி சிரித்தாள்.

அது அசையாமல் போன பிறகுதான் மாட்டு டாக்டரிடம் எடுத்துப் போனோம். அவர் போனில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இது அந்தத் தீவைத் தவிர எங்கயும் கிடையாதுங்க. அங்கயே அழியப் போற நிலைமையில இருக்கு." அவர் மேசையிலேயே உயிர் போயிற்று.

"விடுங்க அண்ணி, அடுத்த தடவை ஜோடியாக் கொண்டாரேன்" என்றார் கொழுந்தனார்.

அது பெருமாள் திருவடியை அடைந்ததாக இப்போது சொந்தத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள். தினமும் ரங்கநாதரைச் சேவிக்கிறவள் சொல்கிறேன்: அவர் படைத்ததைப் பூஜை செய்தே கொன்றோம். படிக்கிறவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள்.